ஊரில் 130, லண்டனில் 7.2: அம்மாவின் ரத்தத்துக்கு என்ன ஆச்சு?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் அம்மாவுக்கு 66 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. லண்டனில் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.2, மூன்று மாதச் சராசரி 58, கிரியாட்டினின் 97, ஹீமோகுளோபின் 118, பிளேட்லெட் 250. ஊரில் சர்க்கரை 130, கிரியாட்டினின் 1.1 என்றுதான் வரும். மாமா பார்த்துவிட்டு கிட்னி போச்சு என்கிறார். இங்கேயும் மெட்ரிக், அங்கேயும் மெட்ரிக், ஒரே அளவு முறை என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், அப்புறம் எப்படி ஒரே ரத்தத்துக்கு இரண்டு எண்? இன்னொன்று, அங்கே வாங்கிய சர்க்கரை மீட்டரும், டாக்டர் எழுதிக் கொடுத்ததில் மிச்சமான இன்சுலின் பாட்டிலும் இருக்கின்றன. வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா?"

முதலில் மாமாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். கிட்னி போச்சு என்று இந்த எண் சொல்லவில்லை. ஊரில் வந்த அதே எண்கள்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. 7.2ஐ 18ஆல் பெருக்குங்கள், 129.6 வரும், அதாவது உங்கள் பழைய 130. கிட்னி வேலையைக் காட்டுகிற கிரியாட்டினின் 97ஐ 88.4ஆல் வகுங்கள், 1.1. ஹீமோகுளோபின் 118 என்பது லிட்டருக்கு இத்தனை கிராம், நாம் பார்ப்பது டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, ஆகவே ஒரு பூஜ்யத்தைத் தட்டினால் 11.8. பிளேட்லெட் 250 என்று பார்த்ததும் டெங்கு காலத்து ஞாபகத்தில் உங்களுக்கு வயிறு கலங்கியிருக்கும், அது புரிகிறது, ஆனால் அந்த 250க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பத்தின் ஒன்பதாம் அடுக்கு என்று போட்டிருப்பார்கள், லிட்டருக்கு. நம் கணக்கில், மைக்ரோலிட்டருக்கு, அது 2.5 லட்சம். மூன்று மாதச் சராசரி 58 என்பது நம் 7.5 சதவீதம், அதைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு கோணல் இருக்கிறது.

ஆய்வகத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட் கையெழுத்துப் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்வி மாதம் இரண்டு தடவையாவது வருகிறது. முன்பெல்லாம் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தவர்கள் காகிதத்தோடு வருவார்கள், இப்போது வாட்ஸ்அப். கேட்கிற எல்லோருக்கும் உள்ள நினைப்பு ஒன்றுதான்: மெட்ரிக் என்றால் எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள் என்று. அப்படி இல்லை. மெட்ரிக் முறை உங்களுக்குக் கிராம், மீட்டர், லிட்டர், மோல், பாஸ்கல் என்று ஒரு பெட்டி நிறைய அளவுகளைக் கொடுக்கிறது. அதில் எதை எடுப்பது என்பதை அந்தந்தத் துறை தனக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை வைத்து முடிவு செய்துகொள்கிறது, சில சமயம் வெறும் பழக்கத்தை வைத்தும்.

தேங்காய் வியாபாரத்தைப் பாருங்கள். தோப்பில் வாங்குகிறவர் டன் கணக்கில் எடை போட்டு வாங்குகிறார். கோயில் வாசலில் விற்கிறவர் காய் கணக்கில் விற்கிறார். எண்ணெய் எவ்வளவு வரும் என்பதுதான் முதலாமவருக்கு முக்கியம், அதனால் எடை. சாமிக்கு உடைக்க எத்தனை வேண்டும் என்பது இரண்டாமவருக்கு, அதனால் எண்ணிக்கை. ரத்தத்திலும் இதே சங்கதிதான். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை எத்தனை மில்லிகிராம் என்பது எடை. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் இந்த வழியில் போகின்றன. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்பது எண்ணிக்கை. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா இந்த வழி. மோல் என்றதும் பதினோராம் வகுப்பு வேதியியல் நினைவுக்கு வந்து பயமுறுத்த வேண்டாம், டஜன் மாதிரி அது ஒரு எண்ணிக்கையின் பெயர், டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022க்குப் பின்னால் போட்டுக்கொண்டே போகிற பெரிய எண். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம் இருக்கும். அந்த 180இலிருந்துதான் உங்கள் 18 வருகிறது. லிட்டரை டெசிலிட்டர் ஆக்கும்போது ஒரு பத்து கழிந்துவிடுகிறது, அவ்வளவுதான். கிரியாட்டினினுக்கு 113 கிராம், கொலஸ்ட்ராலுக்கு 387 கிராம். பொருளுக்குப் பொருள் காயின் கனம் வேறு, அதனால் பெருக்க வேண்டிய எண்ணும் வேறு. சர்க்கரைக்கான 18ஐ எடுத்துக் கொலஸ்ட்ராலுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் தப்பு என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. கொலஸ்ட்ராலுக்கு 38.7, டிரைகிளிசரைடுக்கு 88.6.

பன்னாட்டு அளவு முறையில் மோல் சேர்ந்ததே 1971இல்தான். அதற்குப் பின்னால் பல நாட்டு மருத்துவமனைகள் ஆய்வகங்களை மோலுக்கு மாற்றின, அமெரிக்கா மாறவில்லை, நாமும் மாறவில்லை. மாறியது சரியா, மாறாதது சரியா என்று கேட்டால் என் பதில் பொருளுக்குப் பொருள் மாறும். உங்கள் அம்மா ரிப்போர்ட்டில் சோடியம், பொட்டாசியம் வரிகளைப் பாருங்கள். ஊரில் 138, 4.2 என்று வந்திருந்தால் லண்டனிலும் கிட்டத்தட்ட அதேதான் இருக்கும். ஏன் என்றால் அந்த இரண்டையும் நாமும் எண்ணிக்கையில்தான் சொல்கிறோம். மின்சாரம் தாங்கிய துகள்கள் அவை, பிளஸ் எத்தனை மைனஸ் எத்தனை என்று ஈடுகட்டிப் பார்க்க வேண்டும், கிராமை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போடவே முடியாது. ஆகவே எந்த நாட்டு டாக்டரும் சோடியத்தை எடையில் கேட்பதில்லை. சர்க்கரைக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 130 என்று முழு எண்ணாகச் சொல்வது பாட்டிக்கும் புரிகிறது, 7.2 என்றால் நடுவில் ஒரு புள்ளி, கண் மங்கலானவர்களுக்கு அந்தப் புள்ளி ஒரு தொல்லை.

எண்ணிக்கை ஜெயிக்கிற இடம் ஒன்று சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. யூரியா. நம் ஊரிலேயே ஒரு ஆய்வகம் "யூரியா 30" என்று கொடுக்கும், அடுத்த தெருவில் இன்னொன்று "பி.யு.என். 14" என்று கொடுக்கும். இரண்டும் மில்லிகிராம், இரண்டும் டெசிலிட்டர், இரண்டும் சரி. முதல் ஆள் யூரியா முழுவதையும் எடை போட்டார், இரண்டாம் ஆள் அதற்குள் இருக்கிற நைட்ரஜனை மட்டும் எடை போட்டார். யூரியா 60 பங்கு என்றால் அதில் நைட்ரஜன் 28 பங்கு. 60ஐ 28ஆல் வகுத்தால் 2.14, 14ஐ அதால் பெருக்கினால் 30. இப்போது உங்கள் வயலுக்குப் போங்கள். யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று அச்சடித்திருக்கிறதா? அதே 28க்கு 60தான் அது. அம்மாவின் ரத்தத்தில் ஓடுவதும் மூட்டையில் இருப்பதும் ஒரே மூலக்கூறு, ஆய்வகத்துக்காரர் செய்கிற அதே குழப்பத்தை உரக்கடையிலும் செய்கிறோம். வேளாண்மைத் துறைச் சிபாரிசு எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து என்று இருந்தால் அது நைட்ரஜனின் எடை, யூரியாவின் எடை இல்லை. எக்டேரை ஏக்கர் ஆக்க 2.47ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 48.5 கிலோ, அதை 0.46ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 105 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் இரண்டும் கொஞ்சமும். எக்டேரை ஏக்கர் என்று படித்தால் இரண்டரை மடங்கு போடுவீர்கள், நைட்ரஜனை யூரியா என்று படித்தால் பாதிக்கும் குறைவாகப் போடுவீர்கள், இரண்டு தப்பையும் சேர்த்துச் செய்தால் சில சமயம் தப்பு தப்பைத் தின்று பயிர் நன்றாகவே வந்துவிடும், அதுதான் வேடிக்கை. சரி, லண்டனில் இந்த யூரியா சண்டையே கிடையாது. அங்கே மில்லிமோலில் 5 என்று எழுதுவார்கள், யூரியா மூலக்கூறை எண்ணினால் 5, ஒவ்வொன்றிலும் இருக்கிற நைட்ரஜன் ஜோடியை எண்ணினாலும் 5. எதை எடை போட்டாய் என்ற கேள்விக்கே வேலை இல்லை.

இனி அந்த மூன்று மாதச் சராசரி, ஹெச்பிஏ1சி. 2011இலிருந்து பிரிட்டனில் சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு மோல் ஹீமோகுளோபினில் எத்தனை மில்லிமோல் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்கிறார்கள். ஆயிரத்துக்கு 58 என்றால் நூற்றுக்கு 5.8 என்றுதானே ஆக வேண்டும்? ஆனால் நம் கணக்கில் அது 7.5. கோணல் என்று சொன்னது இதைத்தான். பழைய சதவீத முறை உருவான காலத்துக் கருவிகள் சர்க்கரை ஏறிய ஹீமோகுளோபினோடு அதைப் போலவே நடந்துகொள்ளும் வேறு சில பொருள்களையும் சேர்த்து எண்ணின. பெரிய ஆய்வுகள் எல்லாம் அந்த எண்களை வைத்தே நடந்து முடிந்து, 7க்குக் கீழே வையுங்கள் என்று டாக்டர்களும் மக்களும் மனப்பாடம் செய்துவிட்டார்கள், பிறகு சுத்தமாக அளக்கும் முறை வந்தபோது எண் இறங்கிவிட்டது. பழைய எண்ணை மாற்றினால் நோயாளிகள் தங்களுக்குக் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற பயம். ஆகவே ஒரு சமன்பாடு: சதவீதத்தில் 2.15ஐக் கழித்து 10.93ஆல் பெருக்கு. இதை யார் நினைவில் வைத்துக்கொள்வது? எங்களுக்குள் ஒரு குறுக்கு வழி உண்டு. சதவீதத்தில் இரண்டைக் கழி, வந்ததில் மறுபடி இரண்டைக் கழி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. 7 என்றால் 5, 3, ஆக 53. 8 என்றால் 6, 4, ஆக 64. 9 என்றால் 75. அம்மாவின் 58 என்பது 53க்கும் 64க்கும் நடுவே விழுகிறது, ஏழரை. இது நல்ல எண்ணா இல்லையா என்பதை அவருடைய வயதையும் மருந்தையும் வைத்து டாக்டர் சொல்லட்டும்.

இப்படி ஒரே சங்கதியை ஆளுக்கு ஓர் அளவில் சொல்வது ரத்தத்தோடு நிற்கவில்லை. அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் 120 என்பது பாதரச மில்லிமீட்டரில். வானிலை ஆய்வு மையத்தில் புயலின் நடுவே காற்றழுத்தம் 990 என்று சொன்னால் அது ஹெக்டோபாஸ்கலில். பங்க்சர் கடையில் முன்னாடி 25, பின்னாடி 30 அடிங்க என்றால் அது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது. பாஸ்கல்தான் முறையான அலகு, அதில் 120 என்ற ரத்த அழுத்தம் 16 கிலோபாஸ்கல். டயர்க்கடைக் கணக்கில் 2.3, பைக்கின் முன் டயரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதரசக் குழாயை ஆஸ்பத்திரிகளிலிருந்து ஏறக்குறைய எடுத்தே விட்டார்கள், பாதரசம் விஷம் என்று, ஆனால் எண்ணில் மட்டும் அது உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றக் கூடாது என்பதுதான் என் கட்சி. உலகம் முழுக்க 120க்கு 80 என்று எல்லா டாக்டருக்கும் ஒரே எண் இருக்கும்போது, முறைக்காக அதைக் கலைத்து 16க்கு 10.7 ஆக்கினால் யாருக்கு லாபம்?

தண்ணீரும் இப்படித்தான். வானத்திலிருந்து விழும்போது மில்லிமீட்டர், அதில் ஓர் அழகு உண்டு: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் சரியாக ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில், அதாவது 93 சதுர மீட்டரில், 50 மில்லிமீட்டர் பெய்தால் 4,650 லிட்டர், மனக்கணக்கு. அதே தண்ணீர் ஓடி மேட்டூருக்குள் போனதும் அடி, கன அடி, டி.எம்.சி. ஆகிவிடுகிறது. வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி., அதை மெட்ரிக்கில் சொன்னால் 2.83 கோடி கன மீட்டர். அணை, வாய்க்கால், ஒப்பந்தம், வழக்கு எல்லாம் அடியில் எழுதியாகிவிட்டதால் பொறியாளர்கள் அதை விடவில்லை. வானியல்காரர்கள் கிலோமீட்டரையே விட்டுவிட்டார்கள், ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், அதை வைத்துக்கொண்டு யார் குடும்பம் நடத்துவது.

இதில் ஆபத்து எங்கே என்றால், எண் மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய் அலகு வழியில் விழுந்துவிடும்போது. 1983 ஜூலையில் ஏர் கனடா விமானம் ஒன்று, புது போயிங் 767, அவர்களிடம் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கு வைத்த முதல் ரகம். பயணத்துக்கு 22,300 கிலோ வேண்டும். தொட்டியில் இருந்த லிட்டரைக் கிலோ ஆக்க 0.8ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பழைய விமானங்களுக்குப் பழகிய 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள், அது பவுண்டுக்கான எண். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, 41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலித்து, இறங்கத் தொடங்கிய பிறகு இன்ஜின்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுபாதை ஒன்றில் விமானி கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு இறக்கினார், 69 பேரும் பிழைத்தார்கள். கூட்டல் பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை, எண்ணின் பக்கத்தில் பவுண்டு என்று ஒரு வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இன்சுலின் பாட்டில் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கக்கூடிய கிம்லி அதுதான். இன்சுலினைக் கிராமிலும் சொல்வதில்லை, மோலிலும் சொல்வதில்லை, யூனிட்டில் சொல்கிறோம். உடம்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வைத்து வந்த அளவு அது. விட்டமின் டி பொடிப் பொட்டலத்தில் 60,000 என்று பயமுறுத்துகிற எண்ணும் இந்த ஜாதிதான், எடையில் பார்த்தால் வெறும் ஒன்றரை மில்லிகிராம். நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பிரிட்டனில் 40 கிடையாது, அம்மாவிடம் இருப்பது அநேகமாக 100 யூனிட் பாட்டில், அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அம்மாவுக்கு இரவில் 20 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பாட்டிலில் வீட்டுச் சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டு 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். தூக்கத்திலேயே சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். திருப்பிப் போட்டால், ஊர் பாட்டிலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, 20 கோட்டில் வருவது 8 யூனிட்தான், நாலு நாளில் சர்க்கரை எகிறும். ஆகவே மிச்சப் பாட்டில் வேண்டவே வேண்டாம், அங்கேயே மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். விமானப் பயணத்துக்குத் தேவைப்படுவதை மட்டும், அதற்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சோடு ஒரே பையில் போட்டுக் கொண்டுவரட்டும், வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இன்சுலின் பேனா பயன்படுத்துகிறவராக இருந்தால் இந்தச் சிரிஞ்சுக் குழப்பம் இல்லை, ஆனால் பேனாவிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் கெட்டிக்காரத்தனம் மட்டும் கூடாது.

ரிப்போர்ட்டை ஊர் டாக்டருக்கு அனுப்பும்போது எண்ணை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், முழு வரியையும் படம் பிடித்து அனுப்புங்கள், எண், அலகு, பக்கத்தில் இருக்கிற இயல்பு வரம்பு மூன்றும் தெரிகிற மாதிரி. மாமாவிடமும் சொல்லுங்கள், இயல்பு வரம்பை ஊர் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்து லண்டன் எண்ணோடு ஒட்டிப் பார்க்கக் கூடாது, அதே காகிதத்தில் அதே வரியில் இருக்கிற வரம்போடுதான் பார்க்க வேண்டும். அங்கே கிரியாட்டினின் வரியில் அலகு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்திருந்தாலே ஊரில் வந்த அதே எண்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், அது அம்மாவின் வயதுக்குச் சரிதானா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மீட்டர்? கொண்டுவரலாம், தப்பில்லை, ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வேன், அடுத்த தடவை போகும்போது உதவும். அதற்கான ஸ்டிரிப் இங்கே கிடைக்குமா என்பது ஒன்று. அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக மனதில் 130, 180, 70 என்றுதான் இருக்கிறது என்பது அதைவிடப் பெரியது. இரவு இரண்டு மணிக்கு வேர்த்துப்போய் எழுந்து விரலைக் குத்திப் பார்க்கும்போது திரையில் 3.4 என்று தெரிந்தால், பதினெட்டால் பெருக்கிக்கொண்டு உட்கார முடியாது. பழைய மீட்டரில் 61 என்று வந்தால் விளக்கைப் போடாமலே சர்க்கரை டப்பாவைத் தேடிப் போய்விடுவார்.